மனு எண் வந்தது, பதில் வரவில்லை: வாசகர் கேள்வி–பதில்

கூலி, ரேஷன், பென்ஷன், அதற்காக நடக்கிற போராட்டங்கள் என்று இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அதனால் சினிமாவும் கிரிக்கெட்டும் அடுத்த இதழுக்கு. கேட்டவர்கள் ஊரில் அதே ஆட்களின் முகத்தில்தான் தினமும் விழிக்க வேண்டும் என்பதால் பெயர்களைப் போடவில்லை.

நூறு நாள் திட்டத்தில் ஏரி வேலை செய்து ரெண்டு மாசம் ஆகிறது, கூலி ஏறவில்லை. பணித்தளப் பொறுப்பாளரைக் கேட்டால் பிடிஓ ஆபீஸ் (வட்டார வளர்ச்சி அலுவலகம்) என்கிறார். அங்கே போனால் டெல்லியிலிருந்து வரணும் என்கிறார்கள். டெல்லிக்கு நாங்கள் எப்படிப் போவது ஐயா?
*விவசாயக் கூலித் தொழிலாளி, விழுப்புரம் மாவட்டம்*

அம்மா, டெல்லி என்று அவர்கள் கைகாட்டுவது முழுப் பொய்யும் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட என்எம்ஆர், அதாவது வருகைப் பதிவேடு, முடிந்ததும் வேலையை அளந்து, கணினியில் ஏற்றி, இன்னாருக்கு இவ்வளவு போடுங்கள் என்ற உத்தரவை அனுப்புவது வரைக்கும்தான் பிடிஓ ஆபீஸ் வேலை. அதற்கப்புறம் பணம் மத்திய அரசிடமிருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் காட்டித்தான் அனுப்புவார்கள். அதனால் அடுத்த தடவை "பணம் எப்ப வரும்" என்று கேட்காதீர்கள், "எங்கள் வாரத்துக்கான உத்தரவு எந்தத் தேதியில் போனது" என்று கேளுங்கள். தேதி சொல்லிவிட்டால் அவர்கள் பக்கம் முடிந்தது. சொல்ல முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் காகிதம் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே தூங்குகிறது.

டெல்லி பக்கமும் சும்மா விடக்கூடியதில்லை. 2025 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய நாள், தமிழக முதல்வர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் கூலி பாக்கி மட்டும் 1,056 கோடி ரூபாய் என்று இருந்தது. ஏரி வெட்டியவர்கள் கையில் பொங்கலுக்குப் பணம் இல்லை என்பதுதான் அதன் நேர் அர்த்தம்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? என்எம்ஆர் முடிந்து 15 நாளுக்குள் கூலி வர வேண்டும், 16ஆம் நாளிலிருந்து தாமதத்துக்கு நஷ்டஈடு உண்டு. எவ்வளவு என்றால் பாக்கியில் நாளொன்றுக்கு 0.05 சதவீதம். 2025-26க்குத் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய், ஆறு நாளைக்கு 2,016 ரூபாய். அளவு குறைந்தது என்று அதையும் முழுசாகத் தருவதில்லை என்பது வேறு கதை. அந்த 2,016 ரூபாயை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தால் அரசு தர வேண்டிய நஷ்டஈடு ஒரு ரூபாய் சொச்சம். அந்த இடைவெளியைச் சமாளிக்க நீங்கள் கந்துவட்டிக்கு வாங்கிய பணம் என்ன வட்டியில் ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். சரி, அந்த ஒரு ரூபாயையாவது கொடுக்கிறார்களா? மத்திய அரசு தன் கட்டத்தில் ஆகும் தாமதத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் இருந்தது. முழுத் தாமதத்துக்கும் தொழிலாளிக்கு நஷ்டஈடு பெற உரிமை உண்டு என்று 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் எழுதிக் கேளுங்கள். அந்த ஒரு ரூபாய்க் கணக்கு ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து காகிதத்தில் வந்தால் அலுவலகம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2005ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறு சட்டம் கொண்டுவந்துவிட்டது. 125 நாள் என்று போட்டிருக்கிறார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. இனி செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இவ்வளவுதான் என்று மேலே ஒரு தொகை வைத்துவிட்டு, அதற்கு மேல் போனால் மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலை கிடையாது. அந்த நாட்களில் பண்ணையார் சொல்கிற கூலிதான் கூலி என்று ஆகிவிடாதா? கேட்டால் வேலை என்று இருந்ததை, பணம் இருக்கிறவரை வேலை என்று மாற்றிவிட்டு நாட்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். எப்படியிருந்தாலும் உங்கள் பழைய பாக்கி பாக்கிதான், சட்டம் மாறியது என்று யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள்.

என்னைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். ஏரிக்குள் சிக்னல் கிடையாது. போட்டோ ஏறாவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?
*பணித்தளப் பொறுப்பாளர், சிவகங்கை மாவட்டம்*

உங்கள் கடிதத்தின் மீதிப் பகுதியையும் மற்ற வாசகர்கள் படிக்கட்டும். காலையில் வேலை செய்கிறவர்களை வரிசையாக நிறுத்தி வருகைப் பதிவு ஆப்பில் ஒரு போட்டோ, பிறகு சில மணி நேரம் கழித்து இன்னொரு போட்டோ. பாட்டிமார் வெயிலில் முக்காடை விலக்கிக்கொண்டு போனைப் பார்த்து நிற்கிறார்கள். இவர் கரைமேல் ஏறி, புளியமரத்துக்கும் மதகுக்கும் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும் என்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கிறார். போனும் ரீசார்ஜும் இவர் சொந்தச் செலவு. இரண்டாவது போட்டோ ஏறாமல் போனால் மண் சுமந்தவர்களுக்கு அன்றைக்கு வருகை இல்லை.

2023 ஜனவரி 1 முதல் இந்த ஆப் எல்லா ஊருக்கும் கட்டாயம். 2024 ஜனவரியிலிருந்து ஆதார் வழியாகத்தான் கூலி என்பதும் கட்டாயம். ஊழலைத் தடுக்க என்றார்கள். போலிப் பெயர் எழுதுகிறவர்களைப் பிடிக்க வேண்டும்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று அமைச்சகமே 2025ல் சுற்றறிக்கை விட்டது. திருடுகிறவன் வழி கண்டுபிடித்துவிட்டான், மாட்டிக்கொண்டது வெயிலில் நிற்கிற பாட்டிதான்.

நீங்கள் செய்யக்கூடியது: போட்டோ ஏறாத நாளில் தேதி, நேரம், வந்தவர்கள் பெயர், காரணம் என்று அங்கேயே ஒரு தாளில் எழுதி வந்த எல்லோரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி அன்றைக்கே பிடிஓ ஆபீஸில் கொடுத்து நகலில் சீல் வாங்கிவிடுங்கள். திட்டுகிறவர்கள் அடுத்த நாளே உங்கள் பக்கம் நிற்பார்கள்.

கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளுக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டது. மனு எண் மட்டும் வருகிறது. இது எதற்கு?
*தருமபுரி*

அந்த வாசலை நானும் பார்க்கிறேன். உள்ளே விடும் முன் போலீஸ்காரர் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்க்கிறார். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்தும் பயனில்லாமல் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு சின்னக் குழந்தைகளோடும் தீக்குளித்தார். நால்வரும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்க வாசல் சோதனை பலமாகிவிட்டது. மண்ணெண்ணெய் உள்ளே போகக் கூடாது என்பதற்குக் காட்டிய வேகத்தை அந்த மனுக்களில் ஒன்றுக்குக் காட்டியிருக்கலாம்.

உங்கள் மனுவுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால், கலெக்டர் கையெழுத்தோடு அது தாசில்தாருக்குப் போகிறது, அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, அவரிடமிருந்து விஏஓவுக்கு. நீங்கள் யார் மேல் புகார் சொன்னீர்களோ அவர் மேஜைக்கே திரும்பி வந்து, "உரிய விசாரணை செய்யப்பட்டது" என்ற ஒரு வரியோடு கணினியில் முடிந்துபோகிறது. அதனால் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்: யார் விசாரிக்க வேண்டும், யார் விசாரிக்கக் கூடாது என்று. ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான். பட்டா, பென்ஷன், குடிதண்ணீர் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்று துறையும் அது நமக்கில்லை என்றுதான் சொல்லும். அப்புறம், தனியாகப் போகாதீர்கள். தெருவில் பென்ஷன் நின்றுபோன எல்லோரும் ஆளுக்கொரு மனுவாக, ஆனால் ஒரே நாளில் ஒரே வரிசையில் போய் நின்றால் மேஜைக்குப் பின்னால் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

வறுமைக்கோடு என்பது உண்மையில் எவ்வளவு ரூபாய்?
*பிளஸ் டூ மாணவர், ஈரோடு*

2011ல் திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த மனுவில் நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய். அதற்கு மேல் செலவு செய்தால் ஏழை இல்லை. நாடே சிரித்தது, பிறகு கோபப்பட்டது. 2014ல் ரங்கராஜன் குழு அதை 47, 32 என்று உயர்த்திச் சொன்னது, அரசு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு செலவை வைத்துப் புதிதாக ஒரு கோடு அதிகாரபூர்வமாகப் போடவே இல்லை. இப்போது கல்வி, உடல்நலம், வாழ்க்கை வசதி என்று பல குறியீடுகளைச் சேர்த்துப் பார்க்கும் நிதி ஆயோக் கணக்குதான் மேடைகளில் ஓடுகிறது. வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பதும் அதில் ஒரு குறியீடு. கணக்கில் பணம் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

ஏழைகளுக்குச் செய்ய அரசிடம் பணம் இல்லை என்கிறார்களே, உண்மையா?
*கல்லூரி மாணவி, மதுரை*

இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே அறிவித்தது. அதே ஆண்டு பட்ஜெட்டில் நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 60,000 கோடி. வரியைக் குறைத்தால் முதலீடு வரும், வேலை வரும் என்பது அவர்கள் வாதம். வாதத்தை வைத்துக்கொள்ளட்டும், ஆனால் பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னும் சின்ன எண் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் 60 முதல் 79 வயதுக்காரர்களுக்கு மத்திய அரசு தரும் முதியோர் பென்ஷன் பங்கு மாதம் 200 ரூபாய். 2007லும் 200தான், இன்றும் 200தான். 80 தாண்டினால் 500. ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதை ஏற்றச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதிவிட்டது. இந்த இடைவெளியில் எம்பிக்களின் சம்பளமும் படிகளும் எத்தனை தடவை ஏறின, அதற்கு எத்தனை மணி நேர விவாதம் நடந்தது என்று நீங்களே தேடிப் பாருங்கள், மாணவிதானே. தமிழ்நாட்டில் மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்து 2023ல் 1,200 ஆக்கியதால் நமக்கு இது உறைப்பதில்லை. மற்ற மாநிலங்களில் சில இடங்களில் கிட்டத்தட்ட அந்த 200ஐ வைத்தே ஓட்டுகிறார்கள்.

மாநில அரசையும் விட்டுவிட முடியாது. 2023-24ல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 45,000 கோடிக்கு மேல். அதில் பெரும்பகுதி யாருடைய கூலியிலிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லாக் கட்சியும் வேறு பேச்சுக்குப் போய்விடும். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் நல்ல திட்டம்தான், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் கையில் நேராகப் பணம் போவது சாதாரணமில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்குக் கடை வாசலில் நிற்கிற வரிசையையும் அதே அரசுதான் நடத்துகிறது.

இலவசம் கொடுத்துக் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள். களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. நீங்களும் அதற்கு ஜால்ராவா?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சி*

ஐயா, ஆள் கிடைப்பதில்லை என்பதைக் கொஞ்சம் முழுசாகச் சொல்லுங்கள்: பழைய கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. வயல் வேலையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதில் பாதியோ முக்காலோ என்று இருந்த ஊரில், ஏரி வேலையில் இருவருக்கும் ஒரே கூலி என்று வந்ததும் பெண்கள் பேரம் பேசக் கற்றுக்கொண்டார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்கிறீர்கள்.

இந்தப் பேச்சு புதிதும் இல்லை. 1956ல் காமராஜர் பள்ளியில் மதிய உணவு போட்டபோதும், 1982ல் எம்ஜிஆர் அதைச் சத்துணவாக விரித்தபோதும் பணத்தை வீணடிக்கிறார்கள் என்றார்கள். 2001 நவம்பரில், நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது இங்கே அது ஒரு தலைமுறையைக் கடந்திருந்தது. நீங்கள் பாடம் நடத்திய வகுப்பில் எத்தனை பிள்ளைகள் அந்தத் தட்டை நம்பி வந்தார்கள் என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நாங்கள் நண்பர்கள் சேர்ந்து நடைபாதையில் வாழும் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுக்கிறோம். போராட்டம், அரசியல் எல்லாம் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். இது தவறா?
*ஐடி ஊழியர், சென்னை*

தவறே இல்லை, நிறுத்திவிடாதீர்கள். பசிக்கிறவருக்குச் சட்ட விளக்கம் கொடுக்க முடியாது.

ஆனால் ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் அரிசி அட்டை இருந்தால் ரேஷன் அரிசி இலவசம், 2011 ஜூனிலிருந்து. மற்ற மாநிலங்கள் போல இவர் ஏழை, இவர் இல்லை என்று அரிசிக்கு வடிகட்டுவதும் கிடையாது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நாட்டு மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் அரிசி. அதுவும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து. மீதிப் பேருக்குத் தமிழ்நாடு தன் செலவில் கொடுக்கிறது. அப்படியிருக்க, நீங்கள் பை கொடுக்கிற குடும்பத்துக்கு ஏன் அந்த அரிசி வரவில்லை? கேட்டுப் பாருங்கள். அட்டை இல்லை. ஏன் இல்லை? முகவரி இல்லை. ஆதார் இருக்கிறதா? மழையில் போய்விட்டது. அல்லது ஊரில் மாமியார் வீட்டு அட்டையில் பெயர் இருக்கிறது, நீக்கல் சான்று வாங்கப் போய்வரப் பேருந்துக் காசு இல்லை. இதில் எதற்கும் பெரிய புரட்சி தேவையில்லை. லீவு போட்டுவிட்டு அவர்களோடு உணவுப்பொருள் வழங்கல் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போய், சட்டை இன் பண்ணிய ஒருவர் கவுன்டரில் நின்றால் போதும். "நாளைக்கு வா" என்பது "உட்காருங்க சார்" ஆகிவிடும். அந்தப் பாகுபாடு உங்களுக்குக் கோபம் வரவழைக்கும். வந்தால், அரசியல் வேண்டாம் என்று வைத்திருந்த முடிவை அப்புறம் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போராடி என்ன கிடைத்தது? எல்லாமே தேர்தல் நேரத்தில் கட்சிகள் கொடுத்ததுதானே?
*தஞ்சாவூர்*

கட்சிகள் கொடுத்ததும் உண்டு. ஆனால் யாரும் கேட்காமல் கொடுத்தது எது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

தகவல் உரிமைச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் பிறந்து, ஐஏஎஸ் ஆகி, 1975ல் வேலையை விட்டுவிட்டு ராஜஸ்தானுக்குப் போன அருணா ராயும், நிகில் டே, சங்கர் சிங் போன்றவர்களும் தேவ்டுங்ரி என்ற குக்கிராமத்தில் தங்கி, உள்ளூர் மக்களோடு சேர்ந்து 1990 மே 1ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பைத் தொடங்கினார்கள். பஞ்ச நிவாரண வேலையில் குறைந்தபட்சக் கூலி தராமல் ஏமாற்றுகிறார்கள், கேட்டால் நீங்கள் வேலையே செய்யவில்லை, ரிஜிஸ்டரில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார்கள். சரி, ரிஜிஸ்டரைக் காட்டு என்றால் அது அரசு ரகசியம். அங்கேதான் அவர்களுக்குப் பிடி கிடைத்தது. கூலிக்கான சண்டை, காகிதத்தைக் காட்டு என்ற சண்டையானது.

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை. எப்படியோ கையில் கிடைத்த என்எம்ஆர்களையும் பில்களையும் ஊர் நடுவில் கூட்டம் போட்டு உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். ஒரு பெயர் படிக்கப்படுகிறது, இன்ன தேதியில் இன்ன இடத்தில் வேலை செய்து இவ்வளவு கூலி வாங்கினார் என்று. பெயருக்குரியவர் கூட்டத்திலிருந்து எழுந்து, நான் அந்தப் பக்கமே போகவில்லை என்கிறார். இதுமாதிரி கூட்டங்களில் செத்துப்போனவர் பெயர் வந்தது, கட்டாத கட்டடத்துக்குப் பில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நடத்திய தணிக்கை அது. 1996 ஏப்ரலில் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா. காய்கறிக் கடைக்காரர்கள் காய் கொடுத்தார்கள், கிராமங்களிலிருந்து தானியம் வந்தது. நம் பணம், நம் கணக்கு என்பதுதான் கோஷம். அங்கே கிளம்பியது 2005ல் சட்டமாக வந்து நின்றது. அதே 2005ல்தான் நூறு நாள் வேலை உறுதிச் சட்டமும் வந்தது, அதற்கும் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய்ப் பிரசாரம் செய்தவர்கள் இருந்தார்கள்.

ராஜஸ்தானை விடுங்கள், நம் பக்கம் வருவோம். கட்டடத் தொழிலாளிக்கு நலவாரியம் என்பது 1994ல் இங்கே வந்தது. பெண் சித்தாள்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் ஊர்வலம் போனதன் விளைவு அது. நாடு முழுமைக்குமான சட்டம் 1996ல் வந்தது, அதற்குப் பின்னாலும் இங்கிருந்து போன குரல்கள் உண்டு. அதன்படி கட்டடச் செலவில் ஒரு சதவீதம் வரி பிடித்து வாரியத்தில் சேர்த்துவந்தார்கள். அந்தப் பணம் ஆயிரக்கணக்கான கோடிகளாகச் செலவாகாமல் கிடப்பதையும், வேறு வழியில் போவதையும் 2018ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. பணம் இருக்கிறதா என்று மதுரை மாணவி கேட்டாரே, இதையும் அவர் குறித்துக்கொள்ளலாம்: ஏழைகளுக்கென்றே பிடித்த பணம், அவர்கள் பெயரிலேயே வங்கியில் தூங்கியது.

உங்கள் பழைய தஞ்சை மாவட்டத்தில்தான் கீழ்வெண்மணி இருந்தது. 1968 டிசம்பர் 25ல் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் வந்து தங்கிய கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி 1981ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலச்சுவான்தார்களிடம் பேசி, வங்கிக் கடன் வாங்கி நிலத்தை வாங்கி, தலித் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று பெண்கள் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். குடிக்கிற கணவன் விற்றுவிடக் கூடாது என்ற முன்யோசனையும் அதில் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். அப்போது ஒரு நல்ல கலெக்டர் இருந்தார் என்பது உண்மை. ஆனால் குத்தகைக்காரர்களின் மிரட்டலைத் தாங்கி மறுநாளும் குவாரிக்குப் போனது அந்தப் பெண்கள்.

எங்கள் ஊராட்சியில் கிராம சபை என்றால் நோட்டு மட்டும் வீடு வீடாக வரும், கையெழுத்து வாங்கிப் போவார்கள். ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போட்டால் இப்போது தனிநபர் தகவல், தர முடியாது என்கிறார்கள்.
*முன்னாள் வார்டு உறுப்பினர், திண்டுக்கல் மாவட்டம்*

நீங்களே வார்டு உறுப்பினராக இருந்தவர், உங்களுக்கே நோட்டு வீட்டுக்கு வருகிறதா! முதல் வேலை, அதில் கையெழுத்துப் போடாமல் இருப்பது. ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊரில் 100 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். 3,000க்கு மேல் 10,000 வரை என்றால் 200 பேர். அந்த எண்ணிக்கை வராமல் நடந்ததாக எழுதினால் அன்றைக்கே போனில் வீடியோ எடுத்து, கலெக்டருக்கும் ஊராட்சிகளின் உதவி இயக்குநருக்கும் அனுப்புங்கள். உங்கள் தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். அதைப் பதிவேட்டில் ஏற்றி, தேதி, எண்ணோடு நகல் தரச் சொல்லுங்கள். செயலர் சொல்லி எழுதுவதை மக்கள் சொன்னதாக எழுத விட்டால் அப்புறம் மாற்ற முடியாது.

ஆர்டிஐ விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மூலமாக ஆர்டிஐயின் 8(1)(j) பிரிவைத் திருத்தி, 2025 நவம்பரில் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். முன்பு பொது நடவடிக்கையோடு சம்பந்தமில்லாத தனிநபர் தகவலைத்தான் மறுக்கலாம். இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற மாதிரி ஆகிவிட்டது. என்எம்ஆரில் இருப்பதே பெயர்கள்தானே? யார் பெயரில் யார் பணம் எடுத்தார்கள் என்பதுதானே அங்கே கேள்வி? பெயரை மறைத்துவிட்டுக் கணக்கு மட்டும் கொடுத்தால் கோட் கிரானாவில் எழுந்து நின்றவர் எதை வைத்து எழுந்திருப்பார்?

ஆனால் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. பொதுநலன் பெரிது என்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது அது. மனுவிலேயே அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள் அவகாசம். மறுத்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நகல் கேட்பதோடு, ஆவணங்களை நேரில் பார்வையிட வேண்டும் என்றும் கேட்கலாம். கட்டுக்கட்டாக நோட்டை மேஜையில் கொண்டுவந்து வைக்கும்போது அந்த அறையில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்தாலே எந்த ஆண்டுக் கணக்கில் கோளாறு என்று பாதி தெரிந்துவிடும். வேலை உறுதித் திட்டத்துக்குச் சமூகத் தணிக்கை என்று தனியாகவே உண்டு. தணிக்கைக் குழு ஊருக்கு வரும் நாளில் தலைவர் வீட்டில் சாப்பாடு போடுகிறார்கள் என்றால், நீங்கள் அவர்களைத் தெருவுக்குள் அழைத்துக்கொண்டு போங்கள்.

நாங்கள் ஒரு பத்துப் பதினைந்து பெண்கள் இருக்கிறோம். சங்கம் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பதிவு பண்ணணுமா, தலைவர் வேணுமா, கட்சியில் சேரணுமா?
*ராணிப்பேட்டை மாவட்டம்*

தாராளமாக வையுங்கள். தொழிற்சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பிக்கலாம், ஆனால் பதிவு கிடைக்க அதைவிட அதிக உறுப்பினர்கள் தேவைப்படலாம், அது முதல் மாதத்து வேலையும் இல்லை. கட்சி உங்கள் விருப்பம். எல்லாக் கட்சி ஆட்களும் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள், வந்தால் டீ கொடுத்து, எங்கள் பாக்கிப் பட்டியலைப் படித்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லுங்கள்.

தலைவரைவிட முதலில் தேவை ஒரு நோட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: வேலை அட்டை எண், எந்தெந்த வாரம் வேலை, எவ்வளவு ஏறியது, எவ்வளவு பாக்கி, ரேஷனில் என்ன குறைந்தது, வீட்டில் பென்ஷன் நின்றவர் யார். படித்த மருமகள் யாராவது இருப்பாள், அவளை எழுதச் சொல்லுங்கள், எழுதியதை எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லுங்கள். வேலை கேட்கும்போது வாயால் கேட்காமல் தாளில் எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்கள். கேட்டு 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும், பழைய சட்டத்தில் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதற்குமேல் பாதி. புதுச் சட்டத்திலும் அந்தப் படி இருக்கிறது. ரசீது இல்லாவிட்டால் நீங்கள் கேட்கவே இல்லை என்று முடித்துவிடுவார்கள். ரசீது தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையை அந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். சந்தா என்று ஏதாவது வசூலித்தால், பத்து ரூபாயாக இருந்தாலும், அதற்கும் ரசீது போடுங்கள்.